பணிப்பட்டையும் சாளரங்களும்: அதிகாரம் யாருக்கு?

தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூரிலும் அதை அடுத்த பாவூர்சத்திரத்திலும் கணினியின் உதவியில்லாமல் நடக்கும் தொழில் இன்று அபூர்வமாகிவிட்டது. காய்கறிச் சந்தையின் கமிஷன் கடையில் அன்றன்றைய வரவு செலவு ஏறுவதும், இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் பதிவாவதும், அச்சுக்கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோப்பதும், கல்லூரி விட்டு வந்த மாணவர் நிரல் எழுதிப் பழகுவதும் ஒரு திரையின் முன்னேதான் நடைபெறுகின்றன. இவர்களில் எவரும் ஒரு சமயத்தில் ஒரே காரியத்தைப் பார்ப்பவர் அல்லர். இ-சேவை மையத்துப் பெண்மணியின் திரையில் விண்ணப்பப் படிவம் ஒரு சாளரத்திலும், ஸ்கேன் செய்த ரேஷன் அட்டை மற்றொன்றிலும், பணம் செலுத்தும் பக்கம் இன்னொன்றிலும், அச்சுப்பொறியின் அறிவிப்பு வேறொன்றிலுமாகத் திறந்திருக்க, எதிரே நிற்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. திரையோ ஒன்றே, ஒரு சாளரம் மற்றொன்றை மறைத்துக்கொண்டுதான் நிற்கும். மறைந்ததை மீட்டுத் தரும் பொறுப்பைத் திரையின் அடியில் ஓடும் விரற்கடை அகலப் பட்டையொன்று ஏற்றிருக்கிறது. டாஸ்க்பார் என்று கடைத்தெருவிலும் பணிப்பட்டை என்று நூல்களிலும் வழங்குவது இதுதான்.

இந்தப் பட்டையில் எந்தச் சாளரம் தோன்ற வேண்டும், எது தோன்றலாகாது, எவை சேர்ந்து ஒரே பொத்தானாக நிற்க வேண்டும், எந்தப் பெயரோடும் எந்தச் சின்னத்தோடும் நிற்க வேண்டும் என்பவை அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் பாதி நிரப்பிய படிவம் ஒன்று பட்டையில் காணப்படாமற் போனால், அது திறந்திருப்பதே தெரியாமல் மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டி வரும். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பவருக்கு அது அற்ப விஷயம் அன்று. நிரலை எழுதுவோர், இயங்குதளத்தை இயற்றுவோர், அவ்விரண்டையும் கொண்டு ஜீவனம் நடத்துவோர் என்னும் மூவருக்கும் இந்தப் பட்டையின்மீது ஏதோ ஓர் உரிமை இருக்கிறது. அந்த உரிமைகளின் எல்லை எது, அவை முரண்படும்போது யாருடைய சொல் முடிவாக வேண்டும் என்பதே இங்கே ஆராயப்படும் வினா.

பட்டை பிறந்த காரணம்

1985ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் முதற்பதிப்பில் பெரிய சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. பக்கம் பக்கமாகத் திரையைப் பங்கிட்டுக்கொண்டன. சுருக்கி வைத்த நிரல்களின் சின்னங்களுக்குத் திரையின் அடியில் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1987இல் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் ஆர்க்கிமிடிஸ் கணினியில் ஒரு சின்னப்பட்டையைத் தந்தது. அதன் பின் நெக்ஸ்ட் கணினி தன் திரையோரத்தில் டாக் என்னும் அடுக்கை வைத்தது. ஆகவே, இயங்குகின்ற நிரல்களுக்குத் திரையில் நிரந்தரமாக ஒரு விளிம்பு வேண்டும் என்னும் யோசனை ஒருவருடைய தனிச்சொத்து அன்று.

ஆயினும் அந்த யோசனையின் அவசியம் உலகத்துக்குத் தெளிவாகப் புலப்பட்டது 1992இல் வந்த விண்டோஸ் 3.1 பதிப்பினால்தான். அதில் ஒரு நிரலைச் சுருக்கினால் அது சின்னமாகி மேசைப்பரப்பின் அடிப்பக்கத்தில் போய் அமரும். அதன்மேல் வேறொரு சாளரம் விரிந்துவிட்டால் சின்னம் கண்ணுக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைக் காட்டும் வசதி இருந்தபோதிலும், அதைக் கண்ட்ரோல், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி வரவழைக்க வேண்டும் என்பது புதியவர்களுக்கு எங்கே தெரியும்? தாம் திறந்த நிரல் மூடிப்போயிற்று என்று நம்பி அதையே மறுபடி திறந்தவர்கள் அநேகர். மைக்ரோசாஃப்டின் சோதனைக் கூடத்தில் சாதாரண மனிதர்களை உட்காரவைத்துப் பார்த்தபோது வெளிப்பட்ட இத்தகைய தடுமாற்றங்களை, அந்தப் பணியில் ஈடுபட்டிருந்த கென்ட் சல்லிவன் 1996இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்தாகத்தான், டேனியல் ஓரன் முதலியோர் வடிவமைத்த பணிப்பட்டை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி விண்டோஸ் 95 பதிப்போடு வெளிவந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு பொத்தானாக எப்போதும் கண்ணெதிரே நிற்கும். ஒரு முறை தட்டினால் முன்னே வரும். சந்தைக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் கமிஷன் கடையின் ஏட்டில் ஒரு வரியாக ஏறிவிட்டால், குவியலுக்கு அடியில் கிடந்தாலும் அது தொலைந்துபோவதில்லை அல்லவா? பணிப்பட்டையின் மூல தத்துவமும் அதுவே. திறந்தது எதுவும் தொலையக் கூடாது என்னும் இந்த வாக்குறுதியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னர் எழுந்த விவாதங்கள் எல்லாவற்றையும் அதைக்கொண்டு அளந்துவிடலாம்.

நிரலாளரின் கையில் உள்ள அதிகாரம்

எல்லாச் சாளரங்களும் பட்டையில் ஏறினால் பட்டை பாழாகும். ஒரு நிரல் தன் முதன்மைச் சாளரத்தோடு எச்சரிக்கைப் பெட்டி, தேடல் பெட்டி, வண்ணத் தட்டு என்று பல சிறு சாளரங்களைத் திறக்கிறது. அவை ஒவ்வொன்றுக்கும் பொத்தான் தேவையில்லை. ஆகவே விண்டோஸ் ஒரு பொது விதியை வகுத்தது. மற்றொரு சாளரத்துக்கு உடைமையாகப் பிறக்காமல் சுதந்திரமாகத் தோன்றும் சாளரத்துக்குப் பொத்தான் உண்டு. மற்றொன்றுக்கு உடைமையாகப் பிறந்ததற்கு இல்லை. இந்தப் பொது விதியை மீறுவதற்கு இரண்டு அடையாளங்களும் வைக்கப்பட்டன. ஆப் விண்டோ என்னும் அடையாளத்தைத் தாங்கிய சாளரம் உடைமையாக இருந்தாலும் பட்டையில் ஏறும். டூல் விண்டோ என்னும் அடையாளத்தைத் தாங்கியது ஏறாது. பின்னதற்கு மற்றொரு விளைவும் உண்டு: ஆல்ட், டேப் விசைகளை அழுத்தினால் வரும் வரிசையிலிருந்தும் அது நீங்கிவிடுகிறது. பட்டையில் மட்டும் மறைந்து, அந்த வரிசையில் நிற்க வேண்டுமானால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சாளரத்தைப் படைத்து, காட்ட வேண்டியதை அதற்கு உடைமையாக்குவதே நிரலாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உபாயம்.

அந்த நாளில் நம் கல்லூரிகளில் பலர் பயின்ற விஷுவல் பேசிக் 6 மொழியில், ஷோ இன் டாஸ்க்பார் என்னும் ஒரு பண்பில் இவ்வளவும் அடங்கியிருந்தது. ஆனால் அதை வடிவமைக்கும் போதுதான் நிர்ணயிக்கலாம், நிரல் ஓடும்போது மாற்ற இயலாது. பின்னர் வந்த டாட்நெட் படிவங்களில் ஓடும்போதும் மாற்றலாம். மாற்றும் கணத்தில் சாளரமே உள்ளுக்குள் அழிந்து புதிதாகப் பிறக்கிறது என்பதையும், அதனால் அதன் அடையாள எண்ணை நம்பியிருந்த வேறு பகுதிகள் பழுதுபடலாம் என்பதையும் அனுபவசாலிகள் அறிவர். அடையாளங்களை நேரே மாற்றுவோர் சாளரத்தை முதலில் மறைத்து, அடையாளத்தை மாற்றி, பிறகு மீண்டும் காட்ட வேண்டும். இந்த மூன்று படிகளையும் முறையாகச் செய்யாவிட்டால் பழைய பொத்தான் பட்டையிலேயே தங்கிவிடும். டெல்ஃபி என்னும் நிரலாக்கக் கருவியில் நெடுங்காலம் ஒரு விசித்திரம் இருந்தது: பட்டையில் நின்ற பொத்தான் முதன்மைப் படிவத்தினுடையதன்று, நிரலுக்குள் மறைந்திருந்த, அளவே இல்லாத ஒரு சாளரத்தினுடையது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பொத்தானை முதன்மைப் படிவத்துக்கே அளிக்கும் வசதி வந்தது. க்யூட்டி, எலெக்ட்ரான் போன்ற இன்றைய கருவிகளிலும் இதே அதிகாரம் வேறு வேறு பெயர்களில் நிரலாளர் கையில் இருந்து வருகிறது.

இந்த அதிகாரம் கவனமின்றிக் கையாளப்படும்போது நேரும் துன்பங்களுள் கொடியது ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆம், இல்லை என்று பதில் கேட்கும் பெட்டியொன்றை நிரலாளர் படைக்கிறார். அதற்குப் பட்டையில் பொத்தான் வேண்டாம் என்று தீர்மானிக்கிறார். ஆனால் அது எந்தச் சாளரத்துக்கு உடைமை என்பதைக் குறிப்பிட மறந்துவிடுகிறார். பெட்டி முதன்மைச் சாளரத்துக்குப் பின்னே போய் ஒளிந்துகொள்கிறது. பதில் வரும்வரை முதன்மைச் சாளரம் எந்தத் தட்டலுக்கும் அசைவதில்லை. பதில் சொல்ல வேண்டிய பெட்டியோ பட்டையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. கணினி உறைந்துவிட்டது என்றெண்ணி உபயோகிப்பவர் நிரலைப் பலவந்தமாக மூடுகிறார். அதுவரை செய்த வேலை அழிகிறது. குற்றம் இயந்திரத்தினுடையதன்று; மறைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, மீட்கும் வழியைத் தராமல் விட்டவருடையது. மறைப்பவர் எவரோ அவரே திரும்பக் காட்டும் வழியையும் அமைக்கக் கடமைப்பட்டவர் என்பது இதிலிருந்து நாம் பெறும் முதல் நெறி.

நெரிசலும் தொகுப்பும்

1999இல் வெளியான ஆஃபீஸ் 2000 தொகுப்பில் மைக்ரோசாஃப்ட் ஒரு பெரிய மாறுதலைச் செய்தது. அதுவரை வேர்டில் ஐந்து கோப்புகள் திறந்தாலும் ஒரே பெரிய சாளரத்துக்குள் அவை அடங்கியிருந்தன. பட்டையில் ஒரே பொத்தான். இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சாளரமும் தனிப் பொத்தானும் கிடைத்தன. எந்தக் கோப்பையும் ஒரே தட்டலில் அடையலாம் என்ற சௌகரியத்தோடு, பட்டை நிரம்பி வழியும் சிரமமும் வந்தது. எக்செல்லிலோ, கோப்புகள் பட்டையில் தனித்தனியே தெரிய வேண்டுமா என்பதை உபயோகிப்பவரே நிர்ணயிக்கும் ஒரு தெரிவு அமைப்புகளுக்குள் வைக்கப்பட்டது. அன்றைய திரைகள் குறுகலானவை; எட்டுப் பத்துப் பொத்தான்கள் சேர்ந்தால் தலைப்பின் முதல் சில எழுத்துக்கள் மட்டுமே மிஞ்சும்.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இந்த நெரிசலுக்குப் பரிகாரமாகத் தொகுப்பு முறையைக் கொண்டுவந்தது. இடம் போதாதபோது ஒரே நிரலின் சாளரங்கள் ஒரு பொத்தானுக்குள் அடங்கும். வேண்டாதவர் அதை நிறுத்தி வைக்கலாம். அடுத்து வந்த விஸ்டா பதிப்பு, சாளரத்தின் சிறு உருவத்தைப் பொத்தானுக்கு மேலே காட்டியது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 பட்டையின் இயல்பையே மாற்றிற்று. ஓடுகின்ற நிரலும், ஓடாமல் பொருத்தி வைக்கப்பட்ட நிரலும் ஒரே சின்னமாயின. கோப்பு நகலாகும் அளவைப் பொத்தானே பச்சையாக நிரம்பிக் காட்டிற்று. இடையே நிறுத்தினால் மஞ்சளும், பிழை நேர்ந்தால் சிவப்பும் தோன்றின. எந்தச் சாளரங்கள் எந்தக் குழுவைச் சேர்ந்தவை என்பதை நிர்ணயிப்பதற்கு ஆப் யூசர் மாடல் ஐடி என்னும் பெயர்ச்சீட்டு ஏற்பட்டது. ஒரே நிரலின் இரு வேறு பணிகளுக்கு வேறு சீட்டு ஒட்டினால் அவை பட்டையில் பிரிந்து நிற்கும். வேறு நிரல்களுக்கு ஒரே சீட்டு ஒட்டினால் சேர்ந்து நிற்கும். பைத்தானில் எழுதிய தம் நிரல் தன் சொந்தச் சின்னத்தோடு தோன்றாமல் பைத்தானின் சின்னத்தோடு தோன்றுவதைக் கண்டு மாணவர்கள் திகைப்பதற்கும், இந்தச் சீட்டை அவர்கள் தாமே ஒட்டாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

தொகுப்பின் பயன் மெய்யானது. எனினும் அது எல்லோருக்கும் பொருந்தாது. நாளெல்லாம் நான்கு கணக்குக் கோப்புகளுக்கிடையே போய்வரும் கணக்கருக்கு, தலைப்பெழுத்துக்களோடு நிற்கும் நான்கு பொத்தான்கள் ஒரு தட்டலில் வேலையை முடித்துத் தரும். ஒரே சின்னத்துக்குள் அடைந்த நான்கு கோப்புகளை அடைய, முதலில் அதைத் தொட்டு, சிறு உருவங்கள் விரியக் காத்து, அவற்றுள் ஒன்றைத் தேர வேண்டும். நாளைக்கு நூறு முறை இதைச் செய்பவர் படும் சிரமத்தை, ஒன்றிரண்டு சாளரங்களோடு நிறைவு காண்பவர் உணர்வது கடினம். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, தொகுக்காமல் வைக்கும் தெரிவு அடியோடு நீக்கப்பட்டிருந்தது. பட்டையைத் திரையின் பக்கவாட்டுக்கோ மேலுக்கோ நகர்த்தும் வழியும் அப்போது இருக்கவில்லை. உபயோகிப்போர் பலர் இடைவிடாமல் கேட்டுக்கொண்ட பின், தொகுக்காமையும் தலைப்பெழுத்துக்களும் 2023இல் ஒரு புதுப்பிப்பின் வாயிலாகத் திரும்பின. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டபடியால், நம் வட்டாரக் கடைகளும் மையங்களும் புதிய பதிப்புக்கு மாறும் காலம் இது. மாறியவர்கள் அமைப்புகளுக்குள் சென்று, பணிப்பட்டையின் நடத்தை என்னும் பகுதியில், பொத்தான்களைச் சேர்க்காதே என்ற தெரிவை ஏற்றுக்கொள்ளலாம். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

கடிகாரத்தின் அருகே

பட்டையின் வலக்கோடியில் கடிகாரத்தை அடுத்து இருக்கும் அறிவிப்புப் பகுதி தமிழர்களுக்கு விசேஷமான சம்பந்தம் உடையது. தமிழக அரசு 1999இல் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையை ஏற்றுக்கொண்ட காலத்திலும் அதன் பின்னும், நாம் கணினியில் தமிழ் எழுதியதெல்லாம் முரசு அஞ்சல், அழகி, எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்களின் துணையால்தான். இவற்றுள் பல, விசையழுத்தங்களை வாங்கித் தமிழாக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு தோற்றம் வேண்டாத இயல்பின. எழுதுபவர் வேர்டிலோ மின்னஞ்சலிலோ எழுதிக்கொண்டிருக்க, பின்னணியில் நின்று தொண்டு செய்யும் இத்தகைய நிரல் பட்டையில் ஒரு முழுப் பொத்தானைப் பிடித்துக்கொள்வது நியாயம் அன்று. அதே சமயம், தமிழ் ஓடுகிறதா ஆங்கிலம் ஓடுகிறதா என்பதை எழுதுபவர் ஒரு பார்வையில் அறிந்தாக வேண்டும். கடிகாரத்தின் அருகே ஒரு சிறு சின்னம் இவ்விரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றிற்று. சாளரத்தைப் பட்டையிலிருந்து மறைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதற்கு இதைவிடத் தக்க உதாரணம் காண்பது அரிது.

ஆனால் இந்தப் பகுதியும் காலப்போக்கில் துர்விநியோகத்துக்கு உள்ளாயிற்று. அச்சுப்பொறி, ஒலி, வைரஸ் தடுப்பு, புதுப்பிப்பு என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் சின்னத்தை அங்கே நட்டு வைத்தது. மூடும் பொத்தானை அழுத்தினாலும் மூடாமல் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும் நிரல்கள் பெருகின. மூடிவிட்டோம் என்று உபயோகிப்பவர் நம்ப, நினைவகத்தையும் இணையத்தையும் அவை செலவழித்துக்கொண்டிருந்தன. எக்ஸ்பி பதிப்பு, செயலற்ற சின்னங்களை ஒளித்து வைக்கத் தொடங்கிற்று. விண்டோஸ் 7 இன்னும் ஒரு படி முன்னே போய், எந்தச் சின்னம் தெரிய வேண்டும் என்ற முடிவை முழுவதும் உபயோகிப்பவருக்கே விட்டது. ஒரு நிரல் தன்னைத்தானே பட்டையில் பொருத்திக்கொள்ளவோ, தன் சின்னத்தை முன்னுக்குத் தள்ளிக்கொள்ளவோ முறையான வழி எதையும் மைக்ரோசாஃப்ட் அன்று வேண்டுமென்றே தரவில்லை. தன் நிரலே முக்கியமானது என்று ஒவ்வொரு நிரலாளரும் எண்ணுவது இயல்பு. எல்லோரும் அவ்வாறு எண்ணினால் முக்கியமானது எதுவும் இராது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

கவனத்தைக் கோரும் விஷயத்திலும் இதே நியாயம் காணப்படுகிறது. பின்னணியிலிருக்கும் நிரல் திடீரென்று முன்னே பாய்ந்து, தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் விசைகளைத் தன்னுள் வாங்கிக்கொள்ள முன்னாளில் முடிந்தது. ஒரு படிவத்தில் ஏற வேண்டிய எழுத்து வேறொரு பெட்டியில் ஏறி, என்டர் விசை அதை ஒப்புக்கொண்டும் விட்டால் விளைவு எப்படி இருக்கும்? விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 பதிப்புகளிலிருந்து இந்தப் பாய்ச்சல் தடுக்கப்பட்டது. கவனம் வேண்டும் நிரலின் பொத்தான் பட்டையில் மினுக்குகிறது, அவ்வளவே. அழைப்பது நிரலின் உரிமை. வருவதும் வராததும் மனிதரின் விருப்பம்.

தமிழ்த் தலைப்பும் கண் தெரியாதோரும்

பொத்தான் இருந்தால் மட்டும் போதாது. அதிலுள்ள பெயர் படிக்கத் தக்கதாயும் இருக்க வேண்டும். யூனிகோடு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தும், நம் அச்சுக்கடைகள் பல்லாண்டு பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே வேலை செய்தன. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த அந்த எழுத்துருக்கள் கோப்புக்குள் அழகாகத் தெரிந்தபோதிலும், சாளரத்தின் தலைப்பையும் பணிப்பட்டையையும் இயங்குதளம் தன் சொந்த எழுத்துருவில் எழுதியபடியால், அங்கே தமிழ்ப்பெயர் பொருளற்ற லத்தீன் எழுத்துக் கோவையாக நின்றது. அதனால்தான் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயரிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிற்று. 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகே, மைக்ரோசாஃப்டின் பணிப்பட்டையில் தமிழ் தமிழாகத் தோன்றுவது சாத்தியமாயிற்று. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடை ஏற்றது. இன்று தடை ஏதும் இல்லை. ஆனால் பழக்கம் மட்டும் நீடிக்கிறது. தலைப்பில் முதலில் நிற்க வேண்டியது நிரலின் பெயர் அன்று, கோப்பின் பெயர். பொத்தான் குறுகும்போது மிஞ்சுவது முதற்சில எழுத்துக்களே ஆதலால், எந்தக் கோப்பு என்பதை அவையே சொல்ல வேண்டும்.

திரையைக் காண இயலாதவர்களுக்கு இந்தப் பட்டை இன்னும் முக்கியமானது. என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் பட்டையிலுள்ள பொத்தானின் பெயரைப் படித்துச் சொல்கின்றன. விண்டோஸ் விசையோடு டி எழுத்தை அழுத்தினால் பட்டைக்கும், பி எழுத்தை அழுத்தினால் அறிவிப்புப் பகுதிக்கும் செல்லலாம். பட்டையிலிருந்தும் ஆல்ட்-டேப் வரிசையிலிருந்தும் ஒரு சாளரத்தை மறைத்துவிட்டு, சுட்டியால் மட்டும் அடையுமாறு விட்டுவைக்கும் நிரலாளர், தாம் அறியாமலே ஒரு சாராருக்குக் கதவை அடைத்துவிடுகிறார்.

மறைப்பதே உத்தமமாகும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுமக்கள் எட்டிப் பார்க்கக்கூடிய மேசையில், முந்திய விண்ணப்பதாரரின் பெயர் தாங்கிய தலைப்பு பட்டையில் பளிச்சென்று நிற்பதும், சுட்டி அதன்மேல் தவறிப்போய்ப் பட்டதும் அவருடைய ஆவணத்தின் சிறு உருவம் விரிவதும் அந்தரங்கத்துக்கு ஊறு செய்வன. அத்தகைய இடங்களில் தலைப்பில் ஆளின் பெயரை வைக்காமல் விண்ணப்பத்தின் வகையை மட்டும் வைப்பதே மரியாதை.

லினக்ஸும் மாக்கும்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு இதுவும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆகவே கீழப்பாவூர் போன்ற சிற்றூர்களின் மாணவர்களுக்கும், பணிப்பட்டை என்பது ஒரு நிறுவனத்தின் விதிக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று என்பதை நேரில் காணும் வாய்ப்புக் கிட்டிற்று. லினக்ஸ் மேசைத்தளங்கள் பல. அவை ஒன்றோடொன்று இணங்குவதற்காக ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கீழ் ஒரு பொது உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி ஒரு சாளரம், தன்னைப் பட்டையில் சேர்க்க வேண்டாம் என்றோ, தனக்குக் கவனம் வேண்டும் என்றோ ஒரு குறிப்பைத் தாங்கலாம். அது குறிப்பே, கட்டளை அன்று. ஏற்பதும் மறுப்பதும் சாளர மேலாளரின் பொறுப்பு. கேடிஈ தளத்திலோ உபயோகிப்பவரே விதி எழுதலாம்: இன்ன நிரலின் சாளரத்தைப் பட்டையில் காட்டாதே, அல்லது நிரல் மறைக்கச் சொன்னாலும் காட்டு என்று அவர் எழுதிவைத்தால் அதுவே செல்லும். மூவரின் அதிகாரமும் முறையாக வரிசைப்பட்டிருப்பதை இங்கேதான் காண்கிறோம்.

லினக்ஸின் பழைய எக்ஸ் சாளர முறையில் எந்த நிரலும் மற்ற எல்லாச் சாளரங்களின் பட்டியலையும் படிக்கலாம். அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று கருதி, பின்வந்த வேலண்ட் முறை அந்த வாசலை மூடிற்று. பட்டையிலிருந்து விலக வேண்டும் என்று ஒரு நிரல் கேட்பதற்கும் அதன் அடிப்படை உடன்படிக்கையில் வழியில்லை. பாதுகாப்பு மிகுந்தது, பழைய கருவிகள் சில வலுவிழந்தன. ஆப்பிளின் மாக்கில் 2001இலிருந்து விளங்கும் டாக் சாளரங்களை அல்லாமல் நிரல்களையே முதன்மையாகக் கொண்டது. டாக்கில் தோன்றாமல் இயங்கும் உரிமையை ஒரு நிரல் தன் விவரக் கோப்பில் எழுதிப் பெறுகிறது.

மத்தளம்பாறையும் உலாவியும்

தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் 2011இல் ஸோஹோ நிறுவனம் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. ஸோஹோ டெஸ்க் என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் இந்த மலையடிவாரத்தில் வளர்ந்தது என்பது நம் மாவட்டத்துக்குப் பெருமை. அத்தகைய மென்பொருள்களின் இருப்பிடம் உலாவி. கணக்கு, அஞ்சல், விண்ணப்பம் யாவும் உலாவிக்குள் தாவல்களாகப் போய்விட்டபடியால், இருபது காரியங்கள் பட்டையில் ஒரே பொத்தானுக்குள் அடங்குகின்றன, விண்டோஸ் 3.1 காலத்து மறதி வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. இதற்கும் வழி உண்டு. குரோம், எட்ஜ் முதலிய உலாவிகள் ஓர் இணையச் செயலியைத் தனிச் சாளரமாக நிறுவ இடம் தருகின்றன. அப்போது அதற்குத் தன் சொந்தச் சின்னமும் பட்டையில் தனிப் பொத்தானும் கிடைக்கின்றன. ஸோஹோ 2023இல் வெளியிட்ட உலா உலாவியைப்போல் அலுவல், சொந்தம் என்று பணிகளைப் பிரித்துத் தருவதும் குழப்பத்தைக் குறைக்கும். நாளும் உபயோகிக்கும் இரண்டு மூன்று தளங்களையாவது தனிச் சாளரங்களாக நிறுவிக்கொள்வது இ-சேவை மையங்களுக்கு உடனே பலன் தரும்.

முடிவு

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு தீர்ப்பு தெளிவாகிறது. நிரலுக்கு வேண்டிக்கொள்ளும் உரிமை உண்டு. தன் சாளரங்களின் இயல்பை அதைவிட நன்கு அறிந்தவர் வேறு இல்லை. இயங்குதளத்துக்கு நடுவராக நிற்கும் உரிமை உண்டு. அது இல்லாவிடில் பட்டை வலியவர்களின் கைக்குப் போய்விடும். ஆனால் முடிவு சொல்லும் உரிமை, அந்தத் திரையின் முன் அமர்ந்து உழைப்பவருக்கே உரியது. அவருடைய உரிமையைப் பறித்தபோதெல்லாம் முறையீடு எழுந்ததும், திருப்பித் தந்தபோதெல்லாம் வேலை இலகுவானதும் முப்பதாண்டுச் சரித்திரத்தில் நாம் காண்பவை.

ஆகவே, நம் கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் நிரல் எழுதும் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது இது. சாளரத்தைப் பட்டையிலிருந்து மறைக்கும் வரியை எழுதுமுன், மறைந்ததை விசைப்பலகையாலும் சுட்டியாலும் மீட்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். கேள்விப் பெட்டிக்கு உரிமையாளர் யார் என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். தலைப்பைத் தமிழிலும் படிக்கத் தக்கதாக அமையுங்கள். நீங்கள் தேர்ந்த முறையை மாற்றிக்கொள்ளும் தெரிவை, கண்டுபிடிக்கத் தக்க இடத்தில் உபயோகிப்பவருக்கு வைத்துவிடுங்கள். உங்கள் நிரல் ஓடப்போவது, வரிசையில் காத்திருக்கும் மனிதர்களுக்கு எதிரே அமர்ந்து வேலை செய்யும் ஒருவருடைய கணினியில். அவருடைய நேரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது உங்கள் கடமை.